தமாஷ் எங்கிருந்து வந்தது, அதை அடித்துவிட வேண்டுமா?

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. மாணவர்களுக்காகச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த சக ஆசிரியர் ஒருவர், அதில் 'தமாஷ்' என்று வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு 'நகைச்சுவை' என்று திருத்தியிருக்கிறார். அது உருதுச் சொல் என்கிறார். இன்னொரு நண்பரோ, அது 'தம் + ஆசு' என்று பிரியும் தூய தமிழ்ச் சொல் என்றும், தம் குற்றத்தைத் தாமே சொல்லிச் சிரிப்பதே அதன் பொருள் என்றும் கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை அனுப்பிவைத்தார். யார் சொல்வது சரி? சொல்லை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா? 'ஷ்' போட்டு எழுதலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

சொல்லின் பிறப்பைப் பற்றி உங்கள் சக ஆசிரியர் சொன்னது ஏறக்குறைய சரி. அதை வைத்து அவர் செய்த திருத்தம் சரியில்லை. நண்பர் அனுப்பிய செய்தியோ பிறப்பிலும் தவறு, பொருளிலும் தவறு. 'தமாஷ்' வெளியிலிருந்து வந்த சொல்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால், வந்த பிறகு தமிழில் அது எடுத்துக்கொண்ட வேலை ஒன்றல்ல, பல. அவற்றுள் ஒன்றை மட்டுமே, அதுவும் அரைகுறையாகவே, 'நகைச்சுவை' என்ற சொல்லால் செய்ய முடியும். அகராதிப் பணியிலும் நூல்களைச் செம்மைப்படுத்தும் பணியிலும் இருப்பவன் என்ற முறையில், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கைப்பேசிச் செய்தியை முடித்துவிடலாம். 'தம்' என்பது தனிக்குறிலை அடுத்து ஒற்று நிற்கும் சொல். 'தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்ற விதியை நீங்களே வகுப்பில் பலமுறை சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அவ்விதிப்படி 'தம் + ஆசு' என்பது 'தம்மாசு' என்றுதான் புணரும், 'தமாசு' ஆகாது. 'தமது', 'தமக்கு' ஆகியவற்றில் ஒற்று இரட்டவில்லையே என்று அச்செய்தியை எழுதியவர் கேட்கக்கூடும். நான்காம் வேற்றுமையிலும் ஆறாம் வேற்றுமையிலும் இரட்டாது என்று அதற்கும் இலக்கணம் விலக்குச் சொல்லியிருக்கிறது. 'தம்மில் இருந்து தமதுபாத்து உண்டற்றால்' என்ற குறளடியில் இவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள்: வீட்டைக் குறிக்கும் 'இல்' என்ற பெயர் வந்தபோது 'தம்மில்' என்று இரட்டியது, உருபு வந்தபோது 'தமது' என்று இரட்டாமல் நின்றது. 'ஆசு' உருபு அன்று, பெயர். எனவே விலக்கு அதற்குப் பொருந்தாது. இலக்கணத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பழைய நிகண்டுகளைப் புரட்டினாலும், விளையாட்டுக்கும் சிரிப்புக்கும் உரிய சொற்களைத் தொகுத்துத் தரும் இடங்களில் 'தமாசு' தலைகாட்டுவதில்லை. ஒரு சொல்லை இரண்டாக ஒடித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்து, இரண்டையும் ஒட்டவைப்பது சுவையான பொழுதுபோக்கு; எந்த மொழியின் எந்தச் சொல்லையும் அப்படி ஒடிக்கலாம் என்பதுதான் அதில் உள்ள இடர்ப்பாடு.

இனி, உண்மையான பிறப்பு. அரபியில் 'ம', 'ஷ', 'ய' என்ற மூன்று எழுத்துகளாலான வேர் ஒன்று உண்டு. அதற்கு நடத்தல் என்று பொருள். 'மஷா' என்றால் நடந்தான். அவ்வேரிலிருந்து, பலர் சேர்ந்து நடப்பதைக் குறிக்கும் வினைவடிவம் ஒன்று பிறந்தது; அதன் தொழிற்பெயர் 'தமாஷீ'. இப்படி 'ஈ' என்று முடியும் அரபித் தொழிற்பெயர்களை எடுத்துக்கொள்ளும்போது, அந்த இறுதியைப் பாரசீகர் 'ஆ' என்று மாற்றிக்கொள்வது உண்டு. ஆசை என்று பொருள்படும் 'தமன்னா' அப்படி உருவானதுதான். 'தமாஷா' அதற்கு உடன்பிறப்பு. ஆகவே, தொடக்கத்தில் இச்சொல்லில் சிரிப்பும் இல்லை, கேலியும் இல்லை. நாலு பேர் சேர்ந்து காலாற நடப்பது மட்டுமே இருந்தது.

பாரசீகத்தில்தான் சொல் திரும்பியது. நடப்பது எதற்காக? தோட்டம் பார்க்க, வெளி பார்க்க. எனவே நடத்தல் என்ற பொருள் மெல்லப் பின்னால் போய், பார்த்தல் என்ற பொருள் முன்னால் வந்தது. 13ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் ஸாதி என்பவரின் கஸல் (காதல் பாட்டு) ஒன்றில், வெளியே உலாப் புறப்படும் காதலியைப் பார்த்துக் காதலன் கேட்கிறான்: உலகத்தார் வந்து பார்க்கும் தமாஷாவின் இடமே உன் முகம்தானே, நீ எந்தத் தமாஷாவுக்காகப் போகிறாய் என்று. அந்த ஓர் அடியில் உலாவுக்குப் போவது, போய்ப் பார்ப்பது, பார்க்கப்படும் காட்சி ஆகிய மூன்று பொருள்களும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இன்றைய ஈரானிலும் 'தமாஷா கர்தன்' என்றால் பார்ப்பது என்றே பொருள். விளையாட்டரங்கில் அமர்ந்து பார்ப்பவர் 'தமாஷாச்சி'. நாடக அரங்கத்துக்கு 'தமாஷாகானா' என்ற பெயர் உண்டு.

பாரசீகம் அரசவை மொழியாகவும் வணிகர் மொழியாகவும் பரவிய திசைகளில் எல்லாம் இச்சொல்லும் போயிற்று. போன இடங்களில் ஒவ்வொரு மொழியும் அதன் வரலாற்றில் வெவ்வேறு கட்டத்தைப் பிடித்துவைத்துக்கொண்டது என்பதுதான் சொல்லாராய்ச்சி செய்பவருக்கு விருந்து. இந்தோனேசிய மொழியில் 'தமாஸ்யா' என்றால் இயற்கைக் காட்சிகளைப் பார்த்து மகிழப் போகும் உல்லாசப் பயணம். அங்கே நடை இன்னும் உயிரோடு இருக்கிறது. மலாய் மொழியில் 'தெமாஸ்யா' விழாவைக் குறிக்கிறது. மலேசியத் தமிழருக்கு இது நன்கு பழகிய சொல். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையின் சுவாகிலியில் 'தமாஷா' என்பது கலைவிழா. இந்தியிலும் உருதிலும் அது காட்சியாகவே நிற்கிறது. கூட்டம் கூடிப் பார்க்கும்படி நடுத்தெருவில் சத்தம் போடுபவரிடம் 'தமாஷா செய்யாதே' என்று இந்தியில் சொன்னால், ஊரார் பார்க்க அரங்கேற்றம் நடத்தாதே என்று பொருள். ஆங்கிலேயரும் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் தாம் பொறுக்கிய சொற்களுக்கென்று அவர்கள் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதற்குத் தனிப் பதிவு இருக்கிறது.

மராத்தியில் மட்டும் இச்சொல் ஒரு கலையின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. மகாராட்டிரத்தின் 'தமாஷா' நாட்டார் கூத்து வகை. விநாயகர் வணக்கத்தோடு தொடங்கி, கண்ணனும் ஆய்ச்சியரும் வரும் பகுதிக்குச் சென்று, டோல்கி என்ற மத்தளத்தின் தாளத்துக்கு லாவணிப் பாட்டும் ஆட்டமும், கேள்விக்குக் கேள்வி பாட்டிலேயே தொடுக்கும் சவால்-ஜவாபும், கோமாளியின் இடக்கு மடக்குப் பேச்சுமாக நடக்கும். மராட்டிய அரசின் தலைமை அமைச்சர்களான பேஷ்வாக்கள் காலத்தில் அது செழித்திருந்தது. அந்தக் கூத்தின் ஓர் உறுப்பான லாவணி, மராட்டியர் ஆட்சிக் காலத்தில் தஞ்சைப் பகுதிக்கு வந்து, தமிழ் லாவணியாகவே வேர்விட்டது. காமன் பண்டிகையின்போது, மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று இன்னொரு கட்சியும் டேப் என்ற தோற்கருவியை அடித்துக்கொண்டு எதிரெதிரே அமர்ந்து பாடும் 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' லாவணியை முதியவர்கள் கேட்டிருப்பார்கள். அரசியல்வாதிகள் மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொள்வதை 'லாவணி பாடுகிறார்கள்' என்று இன்றும் பத்திரிகைகள் எழுதுவது அந்தப் பாட்டிலிருந்து வந்த வழக்கு.

தமிழுக்குள் 'தமாஷ்' நுழைய இரண்டு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று, 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராட்டியரின் ஆட்சி. மற்றொன்று, பாரசீகத்தையும் உருதையும் புழங்கிய ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி. தஞ்சையின் கடைசி அரசரும் கர்நாடக நவாபும் இறந்தது 1855இல். அவ்வளவில் கிழக்கிந்தியக் கும்பெனியார் இரண்டு அரசுரிமைகளையும் முடித்துவைத்தனர். அந்த ஆட்சிகள் விட்டுச்சென்ற சொற்களோடு நாம் நாள்தோறும் புழங்குகிறோம்: வசூல், பாக்கி, ரசீது, வக்கீல், ஆஜர், ஜப்தி, ராஜினாமா, தகராறு. இவை அனைத்தும் கச்சேரி என்று அன்று வழங்கிய அரசு அலுவலகத்தின் வாசலில் கேட்ட, பெரும்பாலும் பயத்தோடு கேட்ட, சொற்கள். அதே வழியில் குஷியும் ஜல்சாவும் மஜாவும் தமாஷும் வந்தன என்பது எனக்கு எப்போதும் ஆறுதலான செய்தி. இவற்றுள் 'ஜல்சா'வின் கதை தமாஷின் கதையைப் போன்றதே. அரபியில் 'ஜல்ஸா' என்றால் அமர்தல், அமர்வு. அவையைக் குறிக்கும் 'மஜ்லிஸ்' அதே வேரிலிருந்து வந்தது. அமர்வு கூட்டமாகி, இந்துஸ்தானியில் இசைக் கூட்டமாகி, தமிழுக்கு வந்தபோது உல்லாசமாகிவிட்டது. நடத்தலும் சரி, அமர்தலும் சரி, தமிழகத்தை அடையும்போது கொண்டாட்டமாகவே வந்து சேர்ந்தன.

இனி உங்கள் கேள்வியின் உயிர்நிலைக்கு வருகிறேன். தெற்கே வந்தபோது இச்சொல்லுக்கு வடக்கே இல்லாத ஒரு திருப்பம் நேர்ந்தது. மலையாளத்தில் 'தமாச', கன்னடத்தில் 'தமாஷெ', தெலுங்கில் 'தமாஷா', தமிழில் 'தமாஷ்' ஆகிய நான்கிலும் காட்சி என்ற பொருள் ஒதுங்கி, சிரிக்கவைக்கும் பேச்சு, விளையாட்டான செயல் என்ற பொருள் மேலே வந்துவிட்டது. பார்க்கப்படும் காட்சியிலிருந்து பேசப்படும் பேச்சுக்குத் தாவியது எப்படி என்று வியக்க வேண்டியதில்லை. அந்தத் தாவலுக்கு வேண்டிய பாதை தமிழில் முன்பே போடப்பட்டிருந்தது. 'வேடிக்கை' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். 'வேடிக்கை பார்க்கிறான்' என்னும்போது அது பார்த்தல். 'வாண வேடிக்கை' என்னும்போது அது காட்சி. 'வேடிக்கையாகச் சொன்னேன்' என்னும்போது அது விளையாட்டுப் பேச்சு. 'வேடிக்கை என்னவென்றால்' என்று தொடங்கும்போது அது எதிர்பாராத முரண். பாரசீகத் தமாஷா நடந்துவந்த தொலைவை வேடிக்கை வீட்டுக்குள் இருந்தபடியே கடந்திருக்கிறது. தமாஷ் வந்து சேர்ந்தபோது, பார்த்தலையும் காட்சியையும் வேடிக்கை விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைய தமிழில் 'வாண தமாஷ்' என்று யாரும் சொல்வதில்லை. மற்ற இரண்டில் மட்டும் தமாஷுக்கு இடம் கிடைத்தது. அதோடு, வேடிக்கை அவ்வளவாகத் தொடாத ஓரிடத்தையும் அது பிடித்துக்கொண்டது: ஓர் ஆளின் இயல்பு. 'அவர் ஒரு தமாஷ் பேர்வழி' என்று சொன்னால் வரும் முகம், 'அவர் ஒரு வேடிக்கையான ஆள்' என்று சொன்னால் வருவதில்லை. பின்னதில், அவர் சற்று விசித்திரமானவர் என்ற சாயல் விழுந்துவிடுகிறது.

இங்கே தொல்காப்பியத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது பயன் தரும். மெய்ப்பாட்டியலில், சிரிப்பு பிறக்கும் நிலைக்களங்களை 'எள்ளல் இளமை பேதைமை மடன்' என்று நான்காகவும், மகிழ்ச்சி பிறக்கும் நிலைக்களங்களை 'செல்வம் புலனே புணர்வு விளையாட்டு' என்று நான்காகவும் தொல்காப்பியர் பிரிக்கிறார். பிறரை இகழ்ந்து சிரிக்கும் எள்ளல் நகையின் பக்கம் போய்விட்டது. விளையாட்டோ உவகையின் பக்கம், அதுவும் 'அல்லல் நீத்த உவகை' என்ற அடைமொழியோடு, யாருக்கும் துன்பமில்லாத மகிழ்ச்சியின் பக்கம், நிற்கிறது. விளையாட்டு என்று அக்காலத்தார் எதைக் கருதினார்கள் என்பதற்குக் கற்பியலில் ஒரு சான்று இருக்கிறது: 'யாறும் குளனும் காவும் ஆடிப் பதியிகந்து நுகர்தலும் உரிய என்ப'. கணவனும் மனைவியும் ஊரைத் தாண்டிச் சென்று ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ்வது முறையானதே என்கிறது நூற்பா. 'பதியிகந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர் எல்லை கடந்து போய் மகிழ்வது பாரசீகர் மட்டும் கண்டுபிடித்த இன்பம் அன்று.

தொல்காப்பியர் இரண்டாகப் பிரித்துவைத்த நகையையும் உவகையையும் இன்றைய பேச்சுத் தமிழின் 'தமாஷ்' ஒரே சொல்லால் வளைத்துப் பிடிக்கிறது. அதனால்தான் அதற்கு ஒற்றை மாற்றுச்சொல் அமைவதில்லை. உங்கள் சக ஆசிரியர் தேர்ந்த 'நகைச்சுவை' முற்றிலும் நகையின் பக்கத்தைச் சேர்ந்தது. அதிலும் 'சுவை' என்ற பகுதி, பாட்டையோ நாடகத்தையோ பேச்சையோ நுகர்பவர் அதில் காணும் தன்மையைக் குறிக்கிறது. ஒரு கட்டுரையில் நகைச்சுவை இருக்கலாம். ஒருவர் நகைச்சுவையாகப் பேசலாம். நகைச்சுவை உணர்வு ஒருவருக்கு மிகுதியாக இருக்கலாம். ஆனால், கோபித்துக்கொண்டு எழுந்துபோகும் நண்பனின் கையைப் பிடித்து இழுத்து 'நகைச்சுவைக்குச் சொன்னேன்டா' என்று எந்தத் தமிழனும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் வாயில் வருவது 'தமாஷுக்குச் சொன்னேன்', அல்லது 'விளையாட்டுக்குச் சொன்னேன்'. அங்கே அச்சொல் பேச்சின் சுவையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. முன்பு சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, மனத்தில் பகை இல்லை என்று கூறுகிறது.

நீங்கள் அனுப்பியிருந்த பக்கங்களில், திருத்தப்பட்ட நான்கு வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'தாத்தா தமாஷுக்குச் சொன்னார்' என்பது 'தாத்தா நகைச்சுவைக்காகச் சொன்னார்' ஆகியிருக்கிறது. மேலே சொன்ன காரணத்தால் இது கூடாது. பழையபடியே விடுங்கள், மாற்றியே ஆகவேண்டும் என்றால் 'விளையாட்டுக்குச் சொன்னார்' என்று எழுதுங்கள். பேரன் சிணுங்கும்போது தாத்தா சொல்வதாக வரும் இடம் ஆதலால், நான் தமாஷையே வைத்துக்கொள்வேன்.

'குரங்கு செய்த தமாஷைப் பார்க்கக் கூட்டம் கூடியது' என்ற வாக்கியத்தில் சொல் தன் பழைய பொருளுக்கே, காட்சிக்கே, திரும்பியிருக்கிறது. நீங்கள் அறிந்து எழுதினீர்களோ அறியாமல் எழுதினீர்களோ, பிழையில்லை. ஆயினும் இன்றைய வழக்கில் இவ்விடம் வேடிக்கைக்கு உரியது. 'குரங்கின் சேட்டையை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது' என்று எழுதினால் செயலுக்குச் சேட்டையும் பார்வைக்கு வேடிக்கையும் கிடைத்து, வாக்கியம் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். 'தமாஷ் என்னவென்றால், கதவு திறந்தே இருந்தது' என்பதை, கதைசொல்லியின் குரலில் வருவதால் 'வேடிக்கை என்னவென்றால்' என்றும், ஒரு பாத்திரத்தின் வாய்மொழியாக வந்தால் உள்ளபடியும் எழுதலாம்.

நான்காவது வாக்கியத்தில்தான் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு: 'எல்லாரும் சேர்ந்து அவனைத் தமாஷ் பண்ணி அழவைத்தார்கள்.' இங்கே தமாஷை எடுத்துவிட வேண்டும் என்பேன். அது வேற்றுமொழிச் சொல் என்பதற்காக அன்று. அழுகிற பிள்ளைக்கு அது தமாஷாக இருந்திருக்க முடியாது. தமாஷில் இரு தரப்பாரும் சிரிக்க வேண்டும், அல்லது ஒரு தரப்பு சிரிக்காவிட்டாலும் நோகாதிருக்க வேண்டும். ஒருவனைக் குறிவைத்து மற்றவர் சிரிப்பது எள்ளல். அதற்குக் கேலி, கிண்டல், பரிகாசம், ஏளனம் என்று தமிழில் சொற்கள் ஏராளம். இவற்றுள் 'கேலி' எப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தது என்று அறிந்தால் வியப்பீர்கள். வடமொழியில் அது விளையாட்டு, குறிப்பாகக் காதலர் விளையாட்டு. நீர்விளையாட்டை 'ஜலகேலி' என்பார்கள். தமிழில் அதே சொல், அடுத்தவரைப் புண்படுத்தும் அளவுக்கு இறங்கிவிட்டது. கிண்டலோ தமிழ் வினையிலிருந்து, கிண்டுதல் என்பதிலிருந்து, பிறந்தது. அடியில் படிந்து கிடப்பதைத் துழாவி மேலே கொண்டுவருவது என்ற கருத்து அதில் தெரிகிறது. அந்த வாக்கியத்துக்குக் கிண்டல்தான் பொருந்தும்.

விளையாட்டைக் குறிக்கும் சொல் இப்படிக் கொடுமைக்குப் போர்வையாவது கதைக்குள் மட்டும் நடப்பதன்று. இலங்கைத் தமிழில் தமாஷின் இடத்தில் வழங்குவது 'பகிடி'. 'பகிடிக்குச் சொன்னனான்' என்று யாழ்ப்பாணத்தில் சொல்வது, நாம் தமாஷுக்குச் சொன்னேன் என்பதற்கு நேர். பல்கலைக்கழகங்களில் புது மாணவர்களை மூத்த மாணவர் வதைக்கும் வழக்கம், அதைச் செய்பவர்களால் பகிடி என்றே சொல்லப்பட்டது. பிறகு அதற்குப் பொதுவழக்கில் வந்த பெயர் 'பகிடிவதை'. இலங்கையில் அதைத் தடுக்க 1998இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. 'வதை' என்ற பின்னொட்டைச் சேர்த்தவர் யாராயினும், பகிடி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி செய்துவிட்டார். பள்ளி மாணவர்கள் படிக்கப்போகும் நூலில் அழவைத்ததைத் தமாஷ் என்று எழுதாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேற்றுமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளும் மரபு, 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியர் விதித்த காலத்திலிருந்து இருந்துவருகிறது. அம்மரபின்படி 'தமாசு' என்று எழுதுவது சரியே. கிரந்த எழுத்தை ஏற்பவர் 'தமாஷ்' என்று எழுதுவதும் சரியே. பெரும்பாலோர் கண்ணுக்குப் பழகிய வடிவமும் அதுதான். எதைத் தேர்ந்தாலும் நூல் முழுவதும் ஒன்றையே பின்பற்றுங்கள். 'தமாஷ்' என்று தொடங்கி 'தமாசுக்கு' என்று வேற்றுமை ஏற்கவைக்காதீர்கள்.

முன்பு 'தமாஷா' என்று நெடிலில் முடிந்த சொல் தமிழில் மட்டும் வால் அறுந்து 'தமாஷ்' ஆனது ஏன் என்று மாணவர் யாராவது கேட்டால், என் ஊகத்தைச் சொல்லலாம். தமிழில் இறுதி 'ஆ' வினாவைக் குறிப்பது, 'என்ன, தமாஷா?' என்று கேட்கும்போது அந்த நெடில் சொல்லின் உறுப்பா வினாவா என்று காதுக்குத் தெரிவதில்லை. வினாவாகக் கொண்டு அதைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது 'தமாஷ்'. ஜல்சாவுக்கு இது நேரவில்லை என்பதால், ஊகம் என்ற அளவுக்கு மேல் இதை நான் வலியுறுத்த மாட்டேன்.

நூலின் இறுதியில் அருஞ்சொற்பொருள் பட்டியல் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். அதில் இச்சொல்லுக்கு இப்படி ஒரு பதிவு போதும்: 'தமாஷ் (தமாசு), பெயர்ச்சொல்: சிரிக்கவைக்கும் பேச்சு அல்லது செயல், மனத்தில் வேறொன்றும் வைக்காமல் விளையாட்டாகச் சொல்வது. அரபியில் தோன்றி, பாரசீகத்திலும் உருதிலும் புழங்கித் தமிழுக்கு வந்தது; தொடக்கப் பொருள், சேர்ந்து நடத்தல்.' சக ஆசிரியருக்கும் இந்தப் பதிவைக் காட்டுங்கள். உருதுச் சொல் என்ற அவருடைய வாதம் அதில் அப்படியே இருப்பதால், நான்காவது வாக்கியத்தைத் தவிர மற்ற மூன்றிலும் அவர் விட்டுக்கொடுப்பார் என்று எண்ணுகிறேன்.